மூன்று முறை கூப்பிடுகிறவர்

முதல் கூப்பாடு தாழ்வாரத்துக்கு. இரண்டாவது கேட்டுக்கு; அறுபத்தெட்டு அடி. மூன்றாவது ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு. நூற்று நாற்பது அடி. கோதண்டபாணி மூன்றையும் ஒரே சத்தத்தில் கூப்பிடுவதில்லை. தாழ்வாரத்துக்குப் போகும் பெயர் அகலமாகப் போகிறது. டீக்கடைக்குப் போவது மெலிந்து நீண்டு, பஸ் இரைச்சலுக்கு அடியில் புகுந்து போகிறது. அங்கே ஒருவர் கையிலிருக்கும் கிளாஸ் வாய்க்குப் போகும் வழியில் நிற்கிறது. "எம் பேருதான்!" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வருகிறார்.

காஞ்சிபுரத்துக் கோர்ட்டுகளில் ஒன்றில், முன்சீப் உட்காரும் அறையின் வாசலில், இருபத்தாறு வருஷமாக அவர் டவாலி. வெள்ளைக் கோட்டு, குறுக்கே சிவப்புப் பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடியாகும், அல்லது எதிராளிக்குச் சாதகமாகத் தீர்ப்பாகும். அதனால் கூப்பிடுவதை அவர் சிப்பந்தி வேலையாக நினைப்பதில்லை. "ஜட்ஜு ஒரு தபா சொல்றாரு. நான் மூணு தபா சொல்றேன். எது பெர்சு?" என்பார். காதில் விழவில்லை என்று சொல்லி இதுவரை யாரும் அப்பீலுக்குப் போனதில்லை. இது அவருடைய பெருமை.

கந்தன் என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்திருக்கிற ஊர் இது. ஆகவே வழக்குக் கட்டில் எழுதியிருப்பதோடு அவர் நிறுத்தமாட்டார். "கூரம் கந்தன்! தாடி வெச்ச கந்தன்! மச்சானோட சண்டை போட்ட கந்தன்!" என்று மூன்று கூப்பாட்டையும் மூன்று விதமாகச் செலவழிப்பார். கூப்பாட்டில் அடைமொழி கூடாது என்று ஒரு முன்சீப் எழுத்தில் உத்தரவு போட்டார். அன்றிலிருந்து வாயால் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, தாடியைக் கையால் காட்டுகிறார்.

தொண்டைக்கு அதிமதுரம். ஐஸ் போட்ட எதையும் தொடுவதில்லை. கோயில் கூட்டத்தில் நின்று கோவிந்தா போடமாட்டார், தொண்டை சர்க்காருடையது. வீட்டில் மட்டும் அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. குடிக்கத் தண்ணீர் கேட்டால் தெருக்கோடியில் ஒருத்தி சொம்பை எடுப்பாள். மனைவி நீலாம்பாள் சொல்வாள்: "கோர்ட்ல கத்துறதுக்கு சர்க்கார் சம்பளம் குடுக்குது. இங்க எவன் குடுக்குறான்? மெல்லமா கேளு, தண்ணி வரும்."

நீலாம்பாளுக்கு ஒரு வழக்கு இருந்தது. புருஷன் டவாலியாக இருக்கும் அதே கோர்ட்டில். பக்கத்து வீட்டு அப்பாதுரை, பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தைந்தாம் வருஷம் தன் மதில் சுவரை உயர்த்திக் கட்டினார். காரணம், சுவரோரம் நின்ற அவருடைய முருங்கை மரம். அதன் கீரையை நீலாம்பாள் தன் அடுக்களை ஜன்னல் வழியாகவே கையை நீட்டிப் பறித்துவிடுகிறாள் என்பது அவர் புகார். நீலாம்பாள் அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஜன்னல் வெளிச்சத்தில்தான் அவள் ராட்டை வைத்து, நெசவுக்காரர்களின் நாடாவில் போகும் நூல்குழலான தாரைச் சுற்றிக் கொடுத்தாள். பட்டு நூலில் ஒரே சிவப்பு ஏழு சிவப்பாக வரும். வெளிச்சம் இல்லாமல் இரண்டு சிவப்பைக் கலந்து சுற்றிவிட்டால் புடவையில் கோடு விழும். ஒருமுறை விழுந்தது. மறுநாள் அவள் வக்கீல் வீட்டுக்குப் போனாள்.

அவர்களுடைய பிள்ளை மின்வாரியத்தில் ஓவர்சியர். லீவில் வந்தபோது அளந்து வரைபடம் போட்டுக் கொடுத்தான். சுவர் ஒன்பது அடி மூன்று அங்குலம். ஜன்னலின் மேல்விளிம்பு ஏழடி. நடுவில் சந்து இரண்டடி. அடுக்களையில் நேர் வெளிச்சம் நாளைக்கு இருபது நிமிஷம். சுவரை மூன்றடி இறக்கினால் நான்கு மணி நேரம். இந்தப் படம் வாதி தரப்பு மூன்றாவது ஆவணம்.

ஆறு வருஷம் நடந்தது. நாலாவது வருஷப் புயலில் முருங்கை விழுந்தது. சுவர் நின்றது. வழக்கும் விழாமல் நின்றது.

வாய்தா நாட்களில் மூன்று பேரும் சேர்ந்தே கோர்ட்டுக்கு நடப்பார்கள். ஒரே தெரு, ஒரே நேரம், வேறென்ன செய்ய முடியும்? அப்பாதுரை முன்னால், டவாலி நடுவில், நீலாம்பாள் பத்தடி பின்னால். அவள் வாசலுக்கு இரண்டடி தள்ளி நின்றாலும் கோதண்டபாணி முழு மூச்சில் மூன்று முறை கூப்பிடுவார், கேட்டுக்கும் டீக்கடைக்கும் சேர்த்து. சொந்த மனைவிக்கு ஒரு சத்தம் குறைத்தார் என்று யாரும் சொல்லக்கூடாது. "இங்கதான் நிக்கிறேன், எதுக்குய்யா கத்துற?" என்று அவள் கேட்பாள். கோர்ட்டு சிரிக்கும். வக்கீல்கள் அந்த வழக்கு எடுக்கப்படும் நேரம் பார்த்து உள்ளே வந்து உட்காருவார்கள்.

எழுபத்தொன்றாம் வருஷம் ஏப்ரல் இருபத்து மூன்றாம் தேதி நீலாம்பாள் இறந்தாள். இரண்டு நாள் காய்ச்சல். பாடை தூக்கிய நாலு பேரில் அப்பாதுரை ஒருவர். பிரதிவாதி வாதியைத் தோளில் சுமந்துகொண்டு போனார். கோர்ட்டின் தலைமைக் குமாஸ்தா ராமலிங்கம் மாலையோடு வந்தார்.

வாதி இறந்துவிட்டால் வாரிசு தொண்ணூறு நாளுக்குள் கோர்ட்டில் மனுக் கொடுத்துத் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வழக்கும் இறந்துவிடும். இது டவாலிக்குத் தெரியாத விஷயம் அல்ல. அவர் மனுக் கொடுக்கவில்லை. மே மாதம் கோர்ட்டு விடுமுறை. ஜூனில் திறந்தபோது வந்தது மெட்ராஸ் ஐ.

அந்த வருஷம் அது உலகத்தையே சுற்றி வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. காஞ்சிபுரத்தில் தெருத் தெருவாக வந்தது. கண் சிவந்து, வீங்கி, பீளை தள்ளி, ஏழு நாள். பார்த்தாலே ஒட்டும் என்று ஊர் நம்பியது. வரதராஜர் கோயில் குடை தூக்குகிறவர்கூடக் கீழே பார்த்துக்கொண்டு நடந்தார். கறுப்புக் கண்ணாடி விற்காத கடை இல்லை. முன்சீப்பும் ஒன்று போட்டுக்கொண்டார். அதில் ஒரு சிக்கல் வந்தது. வக்கீல்கள் எப்போதும் முன்சீப்பின் கண்ணைப் பார்த்துத்தான் பேச்சை நிறுத்துவார்கள். இப்போது கண் தெரியவில்லை. விழித்திருக்கிறாரா என்றும் தெரியவில்லை. பத்து நிமிஷ வாதம் ஒன்றரை மணி நேரம் ஓடியது.

கோர்ட்டை மூட அதிகாரம் இல்லை. திறந்து வைக்கத் தைரியம் இல்லை. ராமலிங்கம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து சுற்றறிக்கை எழுதினார். முன்சீப் கையெழுத்துப் போட்டார். நல்ல கண் உள்ளவர்களின் வழக்கு காலையில். சிவப்புக் கண் வழக்கு மாலையில். அப்போதுதான் பெஞ்சுகள் ராத்திரி முழுக்கக் காயும். ஒரு தரப்பு வெள்ளை, மறு தரப்பு சிவப்பு என்றால் அது கலப்புப் பட்டியல், வெள்ளிக்கிழமை மட்டும். சிவப்புக் கண்ணர் கையெழுத்திட்ட காகிதத்தை வெள்ளை நேரத்தில் வாங்கக்கூடாது. சாட்சிகள் சுவரைப் பார்த்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கடைசியாக ஒன்று: மூன்று முறை கூப்பிட்டும் வராதவர்களுக்குக் கண் வந்திருப்பதாக வைத்துக்கொண்டு, டைரியில் 'கண்' என்று எழுதி, பதினான்கு நாள் வாய்தா கொடுக்க வேண்டும். ஏழு நாள் அவருக்கு, ஏழு நாள் அவர் வீட்டாருக்கு.

சுவரைப் பார்த்துச் சாட்சி சொல்வது முதலில் எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. வக்கீல் ஒரு முதுகைப் பார்த்து, "என் முகத்தைப் பார்த்துச் சொல்லும்!" என்று பழக்கத்தில் அதட்டுவார். முதுகு திரும்பும். "திரும்பாதே!" என்று முன்சீப் அலறுவார். ஆனால் பொய் குறைந்ததாகக் கோதண்டபாணி சொல்கிறார். "மூஞ்சியப் பாக்காதன்னு சொல்லிட்டா மனுசன் நெசத்தப் பேசிர்றான்பா. சுவத்துக்கிட்ட எதுக்கு நடிக்கணும்?" பரமசிவம் என்ற நெசவாளி, திருட்டுப் போன புடவை தன் தறியில் நெய்ததுதான் என்று காட்ட வந்தவர், கண் இரண்டும் வீங்கி மூடியிருக்க, உடலும் கரையும் சேர்கிற இடத்தை நகத்தால் தடவிப் பார்த்து, "எங்கையிதாங்க. எம் புள்ள போட்டிருந்தா இங்க ஒரு எழை தள்ளி உழுந்திருக்கும்" என்றார். இதை எப்படிப் பதிவது என்று முன்சீப் வெகுநேரம் யோசித்தார்.

வருகிறவர்களின் கண்ணைப் பார்த்துப் பிரிக்கும் வேலை டவாலிக்கு வந்தது. கோதண்டபாணி கடைத்தெருவில் உள்ளங்கை அகலத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வாங்கினார். நேருக்கு நேர் பார்த்தால்தானே ஒட்டும்? கேட்டில் ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தோளுக்கு மேல் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரியும் கண்ணைப் பார்த்தார். "தொற. மேல பாரு. நல்லாத் தொறய்யா, இன்னா பொண்ணு பாக்கவா வந்திருக்குறேன்? சிவப்பு, எடது கண்ணு! அடுத்து!" ராமலிங்கம் ஜன்னலுக்கு உள்ளிருந்து எழுதிக்கொண்டார்.

நாலாம் நாள் ரகளை. இடது கண் என்று எழுதப்பட்டவர்கள் எல்லோரும் தங்களுக்கு வலது கண்ணில்தான் நோய் என்றார்கள். பழைய நோய் தீர்ந்து புதிதாகப் பிடித்திருக்கிறது என்று ராமலிங்கம் கணக்கிட்டு, இன்னொரு பதினான்கு நாள் போட்டார். பதினோரு பேருக்கு இப்படி. பொன்னியம்மாள் என்ற திருமுக்கூடல்காரி, வரப்பு வழக்குக்கு வந்தவள், கேட்டில் நின்று கத்தினாள்: "எங் கண்ணு எங்கிட்ட இருக்குது! எது வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் குமாஸ்தா கண்ணக் காட்டச் சொல்லு மொதல்ல!"

கோதண்டபாணியின் பிள்ளைதான் காரணம் கண்டுபிடித்தான். அம்மா போனபின் லீவை நீட்டி வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன். வழக்குப் பட்டியலின் பின்பக்கம் இரண்டு கோடு போட்டுக் காட்டினான். எதிரே நிற்கிறவரின் வலது கண் நமக்கு இடப்பக்கம் தெரியும். முதுகைக் காட்டிக் கண்ணாடியில் பார்த்தால் அவருடைய வலது கண் நமக்கும் வலப்பக்கமே தெரியும். அப்பா பழக்கத்தில் திருப்பிச் சொல்லிவிட்டார்.

"அப்ப நாலு நாளா நான் சொன்னதெல்லாம்?"

"தலைகீழ்."

"மட்டக் கண்ணாடி. கடக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் கோதண்டபாணி.

இதற்குள் ஊருக்கு வழி தெரிந்துவிட்டது. வாய்தா வேண்டியவர்கள் கண்ணில் மிளகாய் தடவிக்கொண்டு வந்தார்கள். அதை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். மிளகாய்க் கண் அழும், பீளை தள்ளாது. "இது அடுப்பங்கரை நோயி. போய்க் கழுவிக்கினு வா, காலைப் பட்டியல்ல கூப்புடுறேன்." ஒருவரையும் விட்டதில்லை.

நீலாம்பாளின் வழக்கு ஜூன் இருபத்து நான்காம் தேதி, வியாழக்கிழமை, பட்டியலில் வந்தது. கோதண்டபாணி வாசலில் நின்று கட்டைப் பார்த்தார். வாதியின் பெயர் இருந்தது. இறந்துவிட்டாள் என்று கோர்ட்டுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவளுடைய வக்கீல் கலியாணசுந்தரம் கண் வலியோடு இருட்டறையில் படுத்திருந்தார். எழுதிக் கொடுக்காதது கோர்ட்டுக்குத் தெரியாது. பட்டியலில் இருக்கும் பெயரைக் கூப்பிடுவது டவாலியின் வேலை.

கூப்பிட்டார். தாழ்வாரத்துக்கு, கேட்டுக்கு, டீக்கடைக்கு.

"வரலீங்க" என்றார்.

ராமலிங்கம் தலையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, மாலை போட்ட அதே கையால், வாதி: கண், என்று எழுதினார். அந்தக் கட்டத்தில் எழுதச் சுற்றறிக்கை அனுமதித்தவை இரண்டே, ஆஜர், கண். மூன்றாவது இல்லை. பதினான்கு நாள் வாய்தா.

ஜூலை எட்டாம் தேதியும் இப்படியே. பொய் எதுவும் சொல்லவில்லை என்று கோதண்டபாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூப்பிட்டேன், வரவில்லை, இரண்டும் உண்மை. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாதுரை பின்னால் நடந்தார். பத்தடி பின்னால். முன்னால் போக அவருக்கு என்னவோ போலிருந்தது.

பதினேழாம் தேதி கலியாணசுந்தரம் கண் தெளிந்து வந்தார். கட்டைப் பார்த்தார். டவாலியைப் பிடித்துக்கொண்டார்.

"கோதண்டம், இன்னைக்கு எண்பத்தஞ்சாம் நாள். தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சா சும்மா இருந்தே? மனு எழுதி வெச்சிருக்கேன். ஒரு கையெழுத்து. இருபத்திரண்டாம் தேதி தொண்ணூறு. அன்னைக்குத்தான் வாய்தாவும். அதைத் தாண்டினா, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மனு, அதுக்கு எதிர்மனு. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் முன்சீப் இஷ்டம். ஆறு வருஷம் அந்தம்மா நடந்தது வீணாப் போயிடும்."

"போடுறேங்க."

"இப்பப் போடு."

"கேட்ல ஆளு நிக்குதுங்க" என்று போய்விட்டார்.

மனுவில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான், மற்றதெல்லாம் சட்டப் பிரிவு. அந்த வாக்கியத்தின் கீழே கையெழுத்துப் போட்டால் பட்டியலில் அவள் பெயர் இருக்காது. போடாவிட்டால் அவள் வழக்கு இருக்காது. அடுக்களையில் ராட்டை அப்படியே இருந்தது, பாதி சுற்றிய தாரோடு. அதை எடுத்துவைக்கச் சொல்லிப் பிள்ளை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை. கேட்டில் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். பின்னால் நின்றவரின் கண் வெள்ளை. கண்ணாடியின் ஓரத்தில் இன்னொரு கண் தெரிந்தது. சிவப்பு.

"ஒரு சிவப்பு!" என்று கத்தினார்.

"பேரு?" என்றார் ராமலிங்கம் ஜன்னலிலிருந்து.

"கோதண்டபாணி."

"தகப்பனார் பேரு?"

"நாந்தாங்க சார், டவாலி!"

ராமலிங்கம் ஜன்னலைச் சாத்தினார். பிறகு கொஞ்சம் திறந்தார். வேறு ஆள் இல்லை. ஆகவே ஒரு திருத்தம்: டவாலி கேட்டில் நிற்கலாம், கேட்டு வெளியில் இருக்கிறது. மாலைச் சிவப்புப் பட்டியலுக்குக் கூப்பிடலாம், எல்லோரும் சிவப்பு. காலையில் கூப்பிடக் கூடாது. காலையில் ராமலிங்கமே கூப்பிட்டார். மூன்று நாளில் நாலு வழக்கு, ஆள் டீக்கடையில் இருந்தும் காதில் விழாமல், 'கண்' ஆயிற்று.

புதன்கிழமை சாயங்காலம் அப்பாதுரை சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். ஒன்பதடி மூன்று அங்குலச் சுவர், முகம் தெரியாது. கண்டக்டர் குரல் மட்டும் மேலே ஏறி இந்தப் பக்கம் விழுந்தது.

"யோவ் டவாலி! இருக்கிறியா?"

"இருக்கிறேன்."

"எங்க வக்கீல் இன்னா சொல்றாரு தெரியுமா? உனுக்கு சிவப்பாம், எனக்கு வெள்ளையாம். கலப்புப் பட்டியலாம். நாளைக்கு எடுக்கமாட்டாங்களாம், வெள்ளிக்கிழமைதானாம். வெள்ளிக்கிழமை தொண்ணூத்தோராம் நாளாம். 'அப்பாதுரை, நீ ஒண்ணும் பண்ண வேணாம், வூட்ல சும்மா குந்தினு இருந்தாப் போதும், கேஸு தானா செத்துடும்'ங்கிறாரு."

கோதண்டபாணி சுவரில் பெயர்ந்திருந்த காரையை நகத்தால் சுரண்டினார்.

"கேக்குதா?"

"கேக்குது."

"அந்தம்மா என்னிய ஆறு வருசம் இழுத்தடிச்சது. குறுக்கு விசாரணைல எம் மூஞ்சிய நேராப் பாத்து, 'கீரைத் திருடிதான், ஆனா வெளிச்சத்த நான் திருடல, நீதான் திருடின'ன்னு சொல்லிச்சி. அதுங்கிட்டத் தோத்தா ஒரு மருவாதி. சும்மா குந்தினு ஜெயிக்கச் சொல்றான்பா இவன்."

"கையெழுத்து நான் இன்னும் போடல" என்றார் கோதண்டபாணி.

சுவருக்கு அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் வீட்டை நோக்கிப் போய்த் திரும்பி வந்தது.

"நீ போடு, போடாட்டிப் போ. அது உம் பாடு" என்றது குரல்.

இருபத்திரண்டாம் தேதி பகல் ஒன்றரை மணி. கேட்டில் சிவப்பு வரிசை. கோதண்டபாணி முதுகைக் காட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். பதினாலாவது முகம் கண்ணாடி முழுக்க வந்தது. இரண்டு கண்ணும் கோவைப்பழம். தண்ணீர் தாரையாக ஓடி மீசையில் இறங்கிச் சட்டையை நனைத்திருந்தது. பீளை ஒரு துளி இல்லை.

"யாரு?"

"பிரதிவாதி அப்பாதுரை."

"கண்ணத் தொற."

"தொறக்க முடிலபா. எழுதிக்கோ. சிவப்பு. ரெண்டு கண்ணும்."

"இன்னாத்தத் தடவின?"

"எனக்கு இன்னா தெரியும்? வூட்ல கறிக்கு அரைச்சு வெச்சிருந்தாங்க. அதுல இஞ்சிகூட இருந்திருக்கும்போல. அய்யோ, சீக்கிரம் எழுதச் சொல்லுய்யா!"

ஒரு மாதத்தில் முதல் முறையாகக் கோதண்டபாணி திரும்பினார். அப்பாதுரையை நேருக்கு நேர் பார்த்தார்.

"திரும்பாதய்யா, ஒட்டிக்கும்!"

"எனக்கு ஏற்கெனவே இருக்குது."

"எனக்கு ஒட்டிக்கும்னு சொன்னேன்!"

கோதண்டபாணி ஜன்னலைப் பார்த்து நிமிர்ந்தார். "அப்பாதுரை! சிவப்பு!" என்றார். டீக்கடையில் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.

பிறகு கண்ணாடியைப் பையில் போட்டுக்கொண்டு, புளியமரத்தடியில் நின்ற கலியாணசுந்தரத்திடம் போனார். கையை நீட்டினார். வக்கீல் மனுவைக் கொடுத்தார். 'என் மனைவியும் மேற்படி வழக்கின் வாதியுமான நீலாம்பாள் 23-4-71 அன்று காலமானார்.' கோதண்டபாணியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. எதையும் அவர் சத்தமில்லாமல் படித்து யாரும் பார்த்ததில்லை. வைத்து எழுத இடம் தேடினார். அப்பாதுரை வழிகிற கண்ணோடு தடவிக்கொண்டே வந்து, முன்னால் குனிந்து, முதுகைக் கொடுத்தார்.

"பிரதிவாதி முதுகுல வெச்சு மனுவுல கையெழுத்துப் போடலாமா சாமி?" என்று குனிந்தபடியே கேட்டார்.

"கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. ஆடாம நில்லு" என்றார் கலியாணசுந்தரம்.

கையெழுத்து கொஞ்சம் ஆடித்தான் விழுந்தது.

மாலைப் பட்டியலில் அது ஐந்தாவது. கலியாணசுந்தரம் மனுவை நீட்டினார். ராமலிங்கம் அதை இடுக்கியால் வாங்கி முன்சீப் முன் வைத்தார். முன்சீப் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மனுவைப் படித்தார். டைரியைப் படித்தார். மறுபடி மனுவைப் படித்தார்.

"மனுப்படி வாதி ஏப்ரல் இருபத்து மூன்றில் இறந்திருக்கிறார்."

"ஆம், ஐயா."

"டைரிப்படி ஜூன் இருபத்து நான்கில் வாதிக்குக் கண் நோய். ஜூலை எட்டிலும் கண் நோய்."

முன்சீப் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"இறந்தவருக்கு எப்படிக் கண் நோய் வரும்?"

"வராதவர்களுக்குக் கண் என்று எழுத உத்தரவு, ஐயா" என்றார் ராமலிங்கம்.

"யார் உத்தரவு?"

"ஐயா உத்தரவுதான்."

கறுப்புக் கண்ணாடி அசையவில்லை. கோபமா, யோசனையா என்று யாருக்கும் தெரியவில்லை. மின்விசிறி சுற்றியது. அப்பாதுரை மூக்கை உறிஞ்சினார்.

"பிரதிவாதி தரப்பு என்ன சொல்கிறது?"

அப்பாதுரையின் வக்கீல் எழுந்தார். அப்பாதுரை அவருடைய கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தார். "ஆட்சேபணை இல்லைங்க ஐயா. பாடைய நாந்தான் தூக்கினேன். எனக்குத் தெரியும்" என்றார் சுவரைப் பார்த்து.

முன்சீப் பேனாவைத் திறந்தார். மூடினார்.

"இரண்டு பதிவும் ஒரே கோர்ட்டில் இருக்க முடியாது. மனுவை இன்றைய தேதியில் ஏற்றுக்கொள்கிறேன். வாரிசைச் சேர்க்கலாம். வழக்கு நிற்கும். ஆனால் டைரியைச் சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது. வாதியை இன்று கூப்பிட வேண்டும். வரவில்லை என்று பதிய வேண்டும். கண் என்றல்ல, வரவில்லை என்று. அதற்குப் பிறகு மனு." டவாலி பக்கம் திரும்பினார். குரல் கொஞ்சம் இறங்கியது. "ராமலிங்கம் கூப்பிடட்டும்."

"வேணாங்க ஐயா" என்றார் கோதண்டபாணி. "அவரு கூப்டா டீக்கடைக்குக் கேக்காது."

வாசலுக்குப் போனார். தாழ்வாரத்தில் சிவப்புக் கண்ணர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கட்டு அவர் கையில் இல்லை. தேவைப்படவில்லை.

"நீலாம்பாள்!" தாழ்வாரத்துக்கு.

"நீலாம்பாள்!" கேட்டுக்கு.

மூன்றாவதுக்கு மூச்சு வாங்கினார். பஸ் ஒன்று போயிற்று. அது போகும் வரை நின்றார். பிறகு கூப்பிட்டார். அது ரோட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டிப் போயிற்று. பாய்லர்காரர் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தார்.

உள்ளே ராமலிங்கம் பேனாவோடு காத்திருந்தார். கோதண்டபாணி "வரலீங்க" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், அவள் உள்ளே வர வழிவிட்டு, வாசலை விட்டு ஓரடி ஒதுங்கி நின்றார்.